இதய நோயாளியிடம் யாரும் கேட்காத இரண்டு கேள்விகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதய சிகிச்சையில் வந்திருக்கும் புதிய முன்னேற்றங்கள் பற்றி உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். ரத்தக்குழாய் அடைப்பைப் படமெடுத்துப் பார்க்கும் ஆஞ்சியோ, அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, கொழுப்பைக் குறைக்கும் மருந்துகள் என்று எல்லாமே நல்ல விளக்கம். ஆனால் அட்டாக் வந்து பிழைத்தவரின் மனம் என்ன ஆகிறது என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நான் அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இதயத்துக்கான மாத்திரையையும் மனநலத்துக்கான மாத்திரையையும் ஒரே ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்தவள். அதனால்தான் இந்தக் கடிதம்.

முன்னேற்றத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் நெஞ்சுவலி என்று ஒருவரைத் தூக்கி வந்தால், நாக்குக்கு அடியில் ஒரு சார்பிட்ரேட் மாத்திரை வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, ஏதாவது ஒரு வண்டி பிடித்துத் திருநெல்வேலி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். போய்ச் சேர்ந்தாரா என்பதே பல நேரம் எங்களுக்குத் தெரியாது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. பிறகு சிறிய மருத்துவமனைகளைக் கேத் லேப் (ஆஞ்சியோ, ஸ்டென்ட் செய்யும் அறை) உள்ள பெரிய மருத்துவமனையோடு இணைத்து, இசிஜியை அங்கே அனுப்பி, அடைப்பை எவ்வளவு சீக்கிரம் திறக்கலாம் என்று பார்த்தார்கள். தமிழ்நாட்டில் 2,420 நோயாளிகளை வைத்து நடந்த இந்த ஆய்வு 2017இல் வெளியானது. ஓராண்டுக்குள் இறப்பவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. அதே 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு வைத்தது. லட்சத்துக்கு மேல் விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு இறங்கியது. 2023இல் ‘இதயம் காப்போம்’ திட்டம் வந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் சேர்த்து 14 மாத்திரைகளை ஒரே தடவையில் கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். இதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பு எனக்குத் தெரியும்.

சரி, பிழைத்தவர் வீட்டுக்கு வந்த பிறகு?

என் அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். காலையில் டீக்கடைக்குப் போய், உங்கள் நாளிதழைத் தலைப்பு முதல் அச்சக முகவரி வரை படித்து, அங்கேயே நாலு பேரிடம் விவாதித்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். அட்டாக் வந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் உடனே ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. டிஸ்சார்ஜ் ஆகி வந்தவர் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்தார். டீக்கடை நின்றது. பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடந்தது. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். மறுபரிசோதனைக்குப் போனபோது மதினி இதையெல்லாம் சொல்லியிருக்கிறார். “அட்டாக் வந்தவங்க கொஞ்ச நாள் அப்படித்தான் இருப்பாங்க, போகப் போகச் சரியாயிடும்” என்று அனுப்பிவிட்டார்கள். எக்கோ பார்த்தார்கள், ரத்தம் பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள். அவர் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க ஆள் இல்லை.

ஒருநாள் அவர் மாத்திரை போட்டு வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். மருந்தாளுநர் கை அப்படித்தான், யார் வீட்டுக்குப் போனாலும் டப்பாவைத் திறந்து பார்க்கும். பிரஷர் மாத்திரை அட்டையில் பாதி தீர்ந்திருந்தது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்த அட்டைகள் இரண்டு, ரப்பர் பேண்டு கூட அவிழ்க்காமல் அப்படியே இருந்தன. பின்பக்க ஃபாயிலில் ஒரு கீறல் இல்லை. அட்டாக்குக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவருக்கு வழக்கமாக ஓராண்டாவது அந்த மருந்து ஓட வேண்டும். இடையில் நிறுத்தினால் ஸ்டென்டுக்கு உள்ளேயே ரத்தம் உறைந்து திடீரென்று அடைத்துக்கொள்ளலாம். ஏன் அண்ணே போடலை என்று கேட்டேன். “இன்னும் இருந்து என்னத்தம்மா பண்ணப் போறேன்” என்றார். கோபமாகவும் இல்லை, அழுகையாகவும் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னார்.

இதை மறதி என்றோ பிடிவாதம் என்றோ தள்ள முடியாது. இது மனச்சோர்வு நோய். அட்டாக் வந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இது தீவிரமாகவே வருகிறது. பெண்களுக்கு இன்னும் அதிகம். கனடாவின் மான்ட்ரியலில் 222 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1993இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மனச்சோர்வு இருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்று அதில் தெரிந்தது. அதைத் தொடர்ந்து வந்த ஆய்வுகளையெல்லாம் எடை போட்டுப் பார்த்து, 2014இல் அமெரிக்க இதயச் சங்கம் மனச்சோர்வையும் அட்டாக்குக்குப் பிந்தைய ஆபத்துக் காரணிகளில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்று சொன்னது. காரணங்களும் ஓரளவு தெரிந்தவைதான். சோர்ந்தவர் மாத்திரை போடமாட்டார், நடக்கமாட்டார், விட்ட பீடியைத் திரும்ப எடுப்பார். அதோடு ரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்வது, உடலில் அழற்சி கூடுவது, இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் நரம்புகளின் சமநிலை கெடுவது என்று உடம்புக்குள்ளேயும் மாற்றங்கள் நடக்கின்றன.

அண்ணனை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போக நான் பட்ட பாடு பெரியது. அவர் மறுத்ததைவிட உறவுக்காரர்கள் தடுத்ததுதான் அதிகம். “ஹார்ட்டுக்குப் பார்க்கிறவரைப் போய் அந்த டாக்டர்கிட்ட காட்டுறதா”, “அந்த மாத்திரை ஹார்ட்டை நிறுத்திரும்” என்றெல்லாம் சொன்னார்கள். இந்தக் கடைசிப் பயத்தை நான் ஜன்னலிலும் பல பேரிடம் கேட்டிருக்கிறேன். அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் போன்ற பழைய மனச்சோர்வு மருந்துகள் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடியவை; அட்டாக் வந்தவர்களுக்குத் தவிர்க்க வேண்டியவை. புதிய மருந்துகளும் எல்லாம் ஒன்றுபோல இல்லை. சிட்டலோப்ராம் அதிக அளவில் போனால் துடிப்பு கோளாறாகலாம் என்று 2011இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. மறு ஆண்டே 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 20 மில்லிகிராம்தான் உச்சம் என்று வரம்பு வைத்தது. ஆனால் செர்ட்ராலின் பற்றி 2002இலேயே தெளிவு கிடைத்துவிட்டது. அட்டாக் வந்தும், நெஞ்சுவலி முற்றியும் மருத்துவமனையில் சேர்ந்திருந்த 369 பேரிடம் அதைச் சோதித்தார்கள். இதயத்தின் செயல்பாடு கெடவில்லை. தென்கொரியாவில் 300 நோயாளிகளுக்கு 24 வாரம் எஸ்சிட்டலோப்ராம் அல்லது வெற்று மாத்திரை கொடுத்துவிட்டு, எட்டு ஆண்டுகளுக்கு மேல் அவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது. மறுபடி அட்டாக், மறுபடி அடைப்பு திறப்பது, மரணம் என்ற பெரிய பாதிப்புகள் மருந்து எடுத்தவர்களில் 40.9 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 53.6 சதவீதம் பேருக்கும் வந்திருந்தன.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2,481 பேரிடம் பேச்சு வழி சிகிச்சையை முதன்மையாக வைத்து நடத்திய ஆய்வு 2003இல் வெளியானது. மனச்சோர்வு குறைந்தது, ஆனால் இறப்போ மறு அட்டாக்கோ குறையவில்லை. ஆகவே மனநல மாத்திரை போட்டால் அட்டாக்கே வராது என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. எனக்கு அதில் வருத்தமில்லை. ஒரு மனிதர் திரும்பவும் சாப்பிட, தூங்க, பேரப்பிள்ளையிடம் பேசத் தொடங்குகிறார் என்றால், அந்த ஒன்றுக்காகவே மருந்து கொடுக்கலாம். கால்வலிக்கு மருந்து கொடுக்கும்போது அது ஆயுளைக் கூட்டுமா என்று நாம் கேட்பதில்லையே.

அண்ணனைப் பார்த்த மனநல மருத்துவர் முதலில் கேட்டது இதய ஃபைலைத்தான். புதிதாக ஓர் இசிஜி எடுக்கச் சொன்னார். மாத்திரைச் சீட்டை மேலிருந்து கீழாகப் படித்தார். செர்ட்ராலினைக் குறைந்த அளவில் தொடங்கினார். ஆஸ்பிரின், குளோபிடோக்ரலோடு இந்த மருந்தும் சேரும்போது ரத்தக்கசிவுக்குக் கொஞ்சம் வாய்ப்பு கூடும், மலம் கறுப்பாகப் போனால் உடனே வர வேண்டும் என்று மதினியிடம் சொன்னார். வயிற்றுக்கு ஒமெப்ரசோல் இருந்ததைப் பான்டோப்ரசோலாக மாற்றினார். ஒமெப்ரசோல் குளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளுவோக்ஸமின், ஃப்ளுவோக்ஸடின் போன்றவையும் அதே மாதிரி குறுக்கிடக்கூடியவை. அதனால்தான் எந்த மாத்திரை என்பதை இரண்டு பக்கமும் தெரிந்த ஒருவர் பார்த்து எழுத வேண்டும். மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முதல் வாரம் குமட்டலாம், நிறுத்திவிடாதீர்கள் என்றும் சொன்னார். பத்து நிமிடத்துக்கு மேல் போகவில்லை. அவ்வளவும் இதய சிகிச்சைதான் என்று நான் சொல்வேன். அண்ணன் இப்போது மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், டீக்கடைக்கும் போகிறார். வாய்ச்சண்டை மட்டும் இன்னும் முன்போல் இல்லை.

அந்தப் பத்து நிமிடம் கிடைக்காத வீடுகளில் என்ன நடக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். “தூக்கம் வரலை” என்று யாராவது கடையில் போய் அல்பிரசோலம் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அது 2014 முதல் எச்1 பட்டியலில் இருக்கும் மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அது தூங்க வைக்கும், மனச்சோர்வைக் குணமாக்காது, பழக்கமாகிவிடும். இன்னும் சிலர் இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் மாத்திரைதான் மனசைக் கெடுக்கிறது என்று தாங்களாகவே அதை நிறுத்துகிறார்கள். பழைய மருத்துவப் புத்தகங்களிலும் அந்தக் கருத்து உண்டு. 2021இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்த வகை மாத்திரைகள் மனச்சோர்வைக் கொண்டு வருவதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தூக்கம் கெடலாம், விசித்திரக் கனவு வரலாம், அவ்வளவுதான். மாத்திரையைக் குற்றம் சொல்லி நிறுத்தும்போது, உண்மையான நோய் கவனிக்கப்படாமல் போய்விடுகிறது.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். அட்டாக் வந்த ஆணுக்கு ஓய்வு என்ற ஒன்றாவது உண்டு. பெண் வீட்டுக்கு வந்ததும் அடுப்படிக்குப் போய்விடுகிறாள். “மேலுக்கு முடியலை, நெஞ்சு படபடன்னு வருது” என்று அவள் சொன்னால் கேஸ் மாத்திரை கிடைக்கும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: படபடப்பு, நெஞ்சு இறுக்கம் என்று வந்தால் முதலில் இசிஜிதான் எடுக்க வேண்டும். அதுவும் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்த பிறகுதான் இது பதற்ற நோயா என்று பார்க்க வேண்டும். ஆனால் இசிஜி நார்மல் என்றதும் “உங்களுக்கு ஒன்றுமில்லை” என்று அனுப்பிவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்றுமில்லாதவள் எதற்குத் திரும்பத் திரும்ப வருகிறாள்?

இதே பிரச்சினை எதிர்த்திசையிலும் இருக்கிறது. மகனுக்கு ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) என்று மாதாமாதம் ஓர் அம்மா என் ஜன்னலுக்கு வருவார். ஒலன்சபின் மாத்திரை. குரல் கேட்பது நின்றது, அவன் அமைதியானான், எல்லோருக்கும் நிம்மதி. ஒருமுறை அந்த அம்மா, “போன தீபாவளிச் சட்டைக்குப் பட்டன் போட முடியலை தாயி” என்றார். மாத்திரையால் பசி கூடி, எடை கூடி, சர்க்கரையும் கொழுப்பும் ஏறுவது தெரிந்த பின்விளைவு. அவன் எடையையோ இடுப்பளவையோ சர்க்கரையையோ அதுவரை யாரும் குறித்து வைக்கவில்லை. காலில் புண் ஆறாமல் போனபோதுதான் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பெரும்பங்கு இதயநோய் போன்ற உடல்நோய்களால்தான். 2018இல் இதற்கென்றே வழிகாட்டி நெறிமுறைகளும் வெளியிட்டார்கள். குளோசபின் என்ற இன்னொரு மனநோய் மருந்துக்கு ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். தொடங்கிய முதல் மாதத்தில் காய்ச்சல், படபடப்பு, நெஞ்சுவலி வந்தால் அது இதயத் தசை அழற்சியாக இருக்கலாம் என்பது பல வீடுகளுக்குத் தெரியாது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அந்த மருந்துகள்தான் அவர்களை மனிதர்களோடு சேர்த்து வைத்திருக்கின்றன. கூடவே பிரஷர், சர்க்கரை, எடை, இசிஜி பாருங்கள் என்பதுதான் கோரிக்கை.

வெளிநாடுகள் இந்தத் திசையில் நகரத் தொடங்கிவிட்டன. 2025 ஆகஸ்டில் மாட்ரிட்டில் நடந்த மாநாட்டில் ஐரோப்பிய இதயவியல் கழகம் மனநலமும் இதயமும் பற்றித் தன் ஒருமித்த அறிக்கையை வெளியிட்டது. இதய மருத்துவர்களும் மனநல வல்லுநர்களும் சேர்ந்த குழுக்கள் வேண்டும், இதய நோயாளிகளின் மனநலத்தை முறைப்படி விசாரிக்க வேண்டும் என்கிறது அது. நம்மால் ஏன் முடியாது? 5.8.2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் பிரஷர் கருவியோடு வீட்டுக்கே வருகிறார்கள். எங்கள் தெருவுக்கு வரும் பெண்ணுக்கு யார் வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை என்பது மனப்பாடம். அவர் இரண்டு கேள்விகள் கூடுதலாகக் கேட்டால் போதும். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை விட்டுப்போனதுபோல் இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். இரண்டும் சேர்ந்து மூன்று வந்தால் விரிவான ஒன்பது கேள்விகளுக்குப் போக வேண்டும். அந்த ஒன்பதாவது கேள்வி சாகும் எண்ணத்தைப் பற்றியது. அதற்கு ஆம் என்று பதில் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும்.

கேட்டால் மட்டும் போதுமா என்று மருத்துவர்கள் மறுப்பார்கள். அவர்கள் கையில் ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவில் 1,500 இதய நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், மனச்சோர்வு இருக்கிறதா என்று முறைப்படி கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் இடையே வாழ்க்கைத் தரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. நான் அதை இப்படிப் பார்க்கிறேன்: கேள்விக்குப் பிறகு சிகிச்சை கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நம் நாட்டில் அதுதான் ஓட்டை. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி மனச்சோர்வு உள்ள 100 பேரில் சுமார் 85 பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. இதய மறுபரிசோதனை செவ்வாய்க்கிழமை, மனநலப் பிரிவு வேறொரு நாள், வேறொரு கட்டடம் என்றால் சோர்ந்துபோன மனிதர் இரண்டாவது தடவை பஸ் ஏறமாட்டார். இரண்டையும் ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்து அறையில் வைக்கப் பெரிய செலவு ஆகாது. டிஸ்சார்ஜ் சீட்டில் எக்கோ, ஆஞ்சியோ முடிவுகளுக்குக் கீழே ‘மனநிலை விசாரிக்கப்பட்டது’ என்று ஒரு வரி அச்சிட்டு, அதை நிரப்பச் சொல்லலாம். மனநல மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் ஓர் எடை பார்க்கும் கருவியும் பிரஷர் கருவியும் வைக்கலாம். மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரும் செயலரும் உங்கள் நாளிதழைப் படிப்பவர்கள் என்ற நம்பிக்கையில் இவற்றை எழுதுகிறேன்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இதயநோய் பற்றிய பக்கம் வெளியிடும்போது, மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் கட்டம் கட்டிப் போடுங்கள். கூடவே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416ஐயும் போடுங்கள். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் அந்த எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சிட்டால் நல்லது. படிக்க வேண்டியவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர்,
கோவில்பட்டி.